பாதியில் நின்ற படம்

இடுப்பெலும்பைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்ததுபோல் வலித்தது தரணிதரனுக்கு. கூடலூரில் பஸ் மாறி, குழிக்குக் குழி எகிறி, நெல்லியாளம் தாண்டி இந்த எஸ்டேட் தொழிலாளர் லைனுக்கு வந்து சேர்வதற்குள் மதியச் சோறும் தவறிப்போயிருந்தது. அந்த எரிச்சலோடுதான், போன வருடம் பம்ப் ஷெட் சுவரில் தான் மாட்டிய யானை எச்சரிக்கைப் பெட்டியைத் தொட்டான்.

சூடாக இருந்தது.

பீஸ் கட்டையோ பிடுங்கப்பட்டு ஜன்னல் திண்டில் கிடந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அந்த மலை வெயிலைப் பார்த்தே ஒரு வாரம் ஆகியிருந்தது.

"ஏய்யா, மின்னல் வெட்டுனா பீஸைப் புடுங்கோணும்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

லைன் காவல்காரர் முத்துவேல் தலைத்துண்டை உதறினார். "இடி விழுந்து லயத்து டிவி பூராவும் கருகிப் போச்சுங்க சார். அன்னையிலேருந்து மழை கட்டுனா நாந்தான் புடுங்குறது."

"இது டிவி இல்லய்யா, கம்ப்யூட்டரு. உங்களுக்கெல்லாம் ஒரு தகர மணி போதும்."

"மணி இருந்திருந்தா தண்ணிக்குப் போன சின்னம்மை பொழச்சிருப்பா சார். அதுக்குக் கரண்டு வேணாம்ல?" வாசலில் செருப்பைத் தேடியபடியே சொன்னார். "கொம்பன் கீழ சதுப்புலதான் நிக்குது. இருட்டுறதுக்குள்ள ஊத வச்சிருங்க. நான் போயி புள்ளைங்கள உள்ள அடைக்கிறேன்."

தண்ணீர்க் குழாய்ப் பாதையில் ஏதாவது அசைந்தால் பெட்டி படமெடுக்கும், உள்ளே செருகிய மெமரி அட்டையில் எழுதும், சைரன் ஊதும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அட்டைக்குள் இருக்கும் கோப்பு அடுக்கே குலைந்துவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் பெட்டி எழாது. முத்துவேல் பீஸைப் பிடுங்கித் திரும்பப் போட்ட அன்றும் அப்படித்தான் எழவில்லை. விடியலில் குடத்தோடு போன சின்னம்மையின் மேல் யானை நடந்து போயிற்று.

எழுதி முடிக்கும்வரை உயிர் கொடுக்க ஒரு சின்ன பேட்டரி போதும். மேனேஜர் பங்களாவில் மாட்டிய பெட்டிக்கு அதை வைத்திருந்தான். லைனுக்கு வைக்கவில்லை. பணம் மிச்சம் பிடிக்கக்கூட இல்லை, இன்னொரு தடவை ஏணி ஏற அலுப்பு. இந்தப் பெட்டியை மாட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளே சின்னம்மைதான். ஆடுகிறது என்று அவளைத்தான் திட்டினான். இன்றைக்கும் பையில் பேட்டரி இல்லை. அட்டையை மாற்றிவிட்டு, தப்பு லைன் ஆட்களுடையது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

புது அட்டையைச் செருகி, பீஸைப் போட்டு, லேப்டாப்பை இணைத்தான். ஓட்டுக்கூரையில் மழை சடசடவென்று இறங்கியது. ஷெட்டுக்குள் ஈரச் சிமென்ட் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து கிடக்க, அவற்றுக்கு அடியிலிருந்து மெல்ல, நசுங்கிய பச்சிலையும் சாணமும் சேர்ந்த ஒரு புளித்த நாற்றம் ஏறி வந்தது.

வெறும் அட்டையில் ஒரு படம் இருந்தது.

குழாய்ப் பாதை. குடத்தோடு ஒரு பெண். தலை, தோள், இடுப்புவரை தெளிவு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, பட்டையாகச் சாம்பல் நிறம். எழுதும்போது கரண்ட் அறுந்தால் படம் அப்படித்தான் பாதியில் நிற்கும். அது அவனுக்குத் தெரியும். அட்டை இன்றுதான் உறையிலிருந்து பிரிக்கப்பட்டது என்பதும் தெரியும்.

அழித்தான்.

இன்னொன்று வந்தது. பாதை முடிந்து ஷெட்டின் படி தெரிந்தது. அவளும் நெருங்கியிருந்தாள். முகம் தெரிந்தது. ஏணியைப் பிடித்த அதே முகம்.

"முத்துவேல்!"



பெட்டியில் சிவப்பு விளக்கு துடித்தது. எழுதுகிறது. அடுத்த படம். இப்போது வாசல்.

வெளியே மின்னல் வெட்டியது. யோசிக்கவில்லை. அவன் கையே பாய்ந்து பீஸைப் பிடுங்கியது.

விளக்கு அணைந்தது. பெட்டி செத்தது. பாதி எழுத்தில்.

கீழே சதுப்புப் பக்கம் மூங்கில் முறிந்தது. ஒரு முறை. பிறகு, இன்னும் கிட்டத்தில். லைனில் ஏதோ ஒரு குழந்தை சிரித்தது. பீஸைத் திரும்பச் செருகினான். பெட்டி எழவில்லை. கொம்பு ஸ்பீக்கர் மூச்சே விடவில்லை.

வாசலை மறைத்துக்கொண்டு அவள் நின்றாள். இடுப்புவரை நனைந்த சேலை. அதற்குக் கீழே கால் இல்லை, ரத்தம் இல்லை, இருட்டுகூட இல்லை. வெறும் சாம்பல் பட்டை. அவள் அவனைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தாள்.

அவளுக்கு அவன் தரவேண்டிய ஒரு சைரன் இன்னும் பாக்கி.