தண்ணீரில் படிந்த ஏடு

கிண்ணத்துத் தண்ணீரில் ஏடு படிந்திருந்தது. பாலென்றால் படியும், வெறும் தண்ணீரில் எங்காவது படியுமா? பெரியவர் கட்டிலில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஏசியின் முனகல் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த ஏடும் மெல்ல ஏறி இறங்கியது. ஈரத்துணியைச் சுருட்டிப் பல நாள் மறந்துவிட்டாற்போல ஒரு புளித்த வாடை அறையெங்கும் நின்றது.

அறையில் தண்ணீர் வைக்கச் சொன்னவர் தோல் மருத்துவர். இரவும் பகலும் ஏசியில் கிடந்தால் முகம் வறண்டு உரியத்தான் செய்யும், இது வியாதியே இல்லை என்றார். குளிரைக் குறையுங்கள், கழுவிய ஈரம் காயுமுன் கிரீம் தடவுங்கள், எக்காரணம் கொண்டும் தேய்க்காதீர்கள் என்றார். பெரியவர் தண்ணீரை வைத்ததோடு சரி.

“ஆம்பளை மூஞ்சிக்குக் கிரீமா? நான் என்ன மணவறையிலயா உக்காரப் போறேன்?” என்று நேற்றுகூட மருமகளிடம் எகிறினார்.

“மாவு சலிச்ச மாதிரி சட்டையெல்லாம் கொட்டுது மாமா. நாளைக்கு அவங்க முன்னாடி கொட்டினா?”

அதுதான் அவரைக் குத்தியது. இன்று வரப்போவது பேத்திக்குக் கூடிவந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார். வேறொரு பெண்ணின் சித்தப்பாவுக்குத் தோல் வியாதி என்று காதில் விழுந்ததற்கே முன்பு ஒரு சம்பந்தத்தை உதறியவள் மாப்பிள்ளையின் அம்மா. எங்கள் பரம்பரையில் அப்படி எதுவும் கிடையாது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவர் பெரியவரேதான். அதனால் தலையணையில் உதிர்ந்ததைக் குப்பையில்கூடப் போடவில்லை. வேலைக்காரி கண்ணில் பட்டால் தெருவே பேசும். ஒரு வாரமாக ஒவ்வொரு செதிலாக விரலால் ஒற்றியெடுத்துக் கிண்ணத்தில்தான் போட்டுவந்தார். கொட்டவும் கை வராமல், மேலே மேலே தண்ணீர் ஊற்றினார்.

குளியலறைக்குப் போய் முரட்டுத் துண்டால் முகத்தைத் தேய்த்தார். தோல் சுருள் சுருளாக வந்தது. அடியில் சிவந்து, கொழகொழவென்று கசிந்தது. வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது.

“மாமா, வந்துட்டாங்க!”

அறைக்குள் ஓடிவந்தார். கிண்ணத்து ஏட்டில் இப்போது இரண்டு துளைகள். நடுவே மூக்கு எழும்பியிருந்தது. ஒட்டியிருந்த மயிர்கள் புருவங்களாக வரிசை கட்டியிருந்தன. அவர் முகமேதான். ஆனால் வெடிப்பில்லை. ஊறித் தளதளவென்றிருந்தது.

வாக்குக் கொடுத்தாயிற்று.

ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். சொட்டியது. வாய்க்கு வந்த குமட்டலை விழுங்கிக்கொண்டு முகத்தில் போர்த்தினார். சில்லென்றிருந்தது. பிறகு, உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது.

“அட, பெரியவருக்கு வயசு குறைஞ்சுக்கிட்டே போகுதே! அப்படி என்னதான் தடவுறீங்க?” என்றாள் கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா.

“வெறும் தண்ணிதாம்மா.”

சொன்னது அவரல்ல. அவர் உதடுகள் மூடியே இருந்தன. அவற்றின் மேல் இன்னொரு வாய் அசைந்தது.

கூடத்து ஏசியின் காற்று நேரே முகத்தில் அடித்தது. மேலே இருந்தது இறுகியது. அதற்குத் தாகம். பேத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போதுதான் கழுவிய கன்னம். ஈரம்.

அது திரும்பியது. அவர் கழுத்தையும் திருப்பியது.

பிய்த்து எறியக் கை எழுந்தது. எதிரே சம்பந்தியம்மாள். எழுந்த கை மடியில் விழுந்தது.

அதன் உதடுகள் பேத்தியின் கன்னத்தில் பதிந்தன.

“பாருங்களேன், பேத்தி மேல எவ்வளவு பாசம்!” என்றாள் சம்பந்தியம்மாள்.

எல்லாரும் சிரித்தார்கள். முத்தம் முடியவில்லை. சர்ரென்று உறிஞ்சும் சத்தம்.

“போதும் தாத்தா… தாத்தா!”

கன்னம் வெளுத்தது. கோடு விழுந்தது. வெடித்தது. முதல் செதில் அவள் மடியில் உதிர்ந்தது.

உதடுகள் இன்னும் விலகவில்லை.