தோளுக்கு மேலால் வந்த நூல்

நூற்பந்து பஸ்ஸுக்குள் உருண்டு போனதற்கு மாட்டையோ சாரதியையோ குற்றம் சொல்ல முடியாது. முழுப் பிழையும் எட்வேர்ட் மாஸ்ரருடையது. பந்தைப் பைக்குள் வைத்து, பையை முதுகுப் பக்கமாகத் தொங்கவிட்டு, நூலைத் தோளுக்கு மேலால் இழுத்துப் பின்ன வேண்டும் என்று மனைவி சீலா அவருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அன்று பந்து அவர் மடியில் இருந்தது. முன் சீற்றில் இருந்த இரண்டு பள்ளிக்கூடப் பெட்டைகள் "ஆம்பிளை பின்னுறார், பாரடி" என்று குசுகுசுத்ததும், கையைப் பாராமலே தன்னால் பின்ன முடியும் என்று காட்டிவிட அறுபத்திரண்டு வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. வல்லைவெளியில் மாடு குறுக்கே வந்தது. சாரதி பிறேக் போட்டு, மாடு விலகியதும் வெடுக்கென்று எடுத்தான். பந்து மடியை விட்டுக் குதித்துக் கடைசி சீற் வரைக்கும் ஓடியது. பின்னால் பாய்ந்த மாஸ்ரர் தன் நூலைத் தானே செருப்பால் மிதித்து அறுத்தார்.

பெட்டைகள் சிரித்தார்கள். மாஸ்ரரும் சிரித்துக்கொண்டே முழங்காலில் தவழ்ந்தார். கடைசி சீற்றின் அடியில் மழைத்தண்ணீரும் கச்சான் கடலைக் கோதும் சேறுமாகக் கிடந்தது. பந்து கைக்கு வந்தது. பைக்குள் போட்டார். பந்தின் அறுந்த நுனியைத் தேடி இருட்டுக்குள் துழாவியபோது, ஒரு நூல் நுனி தானாகவே விரலுக்குள் வந்து நின்றது. குளிர்ந்து போயிருந்தது. அதைத் தன் பின்னலோடு சேர்த்து அங்கேயே முடிந்தார். வலை முடிச்சு. குருநகரில் வலை பின்னியே பிள்ளைகளைப் படிப்பித்த தகப்பன் அவருக்கு விட்டுப்போன ஒரே சொத்து அது. கடலே இழுத்தாலும் அவிழாது.

பின்னிக்கொண்டிருந்தது சீலாவுக்கு ஒரு சால்வை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அவள் படுத்து ஒரு மாதமாகிறது. விசிறி நின்றாலும் குளிருது என்பாள். இரண்டு கம்பளிக்குள்ளும் குளிருது என்பாள். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் சும்மா இருந்து நகம் கடிக்கும் மனுசனுக்கு அவளே கட்டிலில் படுத்தபடி பின்னக் கற்றுக்கொடுத்தாள். கரவெட்டியிலிருந்து போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், பின்னல் பஸ்ஸிலேயே வளர்ந்தது. பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் இருவர்தான். "கடைசி வரைக்கும் உம்மடை கையைப் பிடிச்சுக்கொண்டு நான் இருப்பன்" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றினால் போதும் என்பதுதான் இப்போது அவருடைய முழு வாழ்க்கைத் திட்டமும்.

மற்றபடி ஆளுக்கு எல்லாமே பகிடி. இளைப்பாறிய அன்று ஒன்பது பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்பது பேரும் முன்னால் நின்றே போர்த்தினார்கள், படத்தில் தங்கள் முகம் விழவேண்டுமே. "பின்னாலை நிண்டு போர்த்துறவன்தான் சீலா, உண்மையிலை மரியாதை செய்யிறவன்" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார்.

முடிச்சுப் போட்டதற்கு அடுத்த நாள் வாட்டுக்குள் நுழைந்ததும் சீலா அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு அப்பால் பார்த்தாள்.

"உவ ஆர், உங்களோடை வந்தவ?"

மாஸ்ரர் திரும்பிப் பார்த்தார். தூரத்தில், கதவடியில், பக்கத்துக் கட்டில்காரியின் தங்கச்சி சோற்றுப் பாசலோடு நின்றாள். அவருக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்தவர். இது என்றால் என் கையில் இருப்பது, அது என்றால் தூரத்தில் இருப்பது, உது என்றால் கேட்டுக்கொண்டு நிற்கிற உன் பக்கத்தில் இருப்பது. மற்ற ஊர்க்காரர் எல்லாரும் இந்த மூன்றாவதைத் தொலைத்துப்போட்டார்கள், நாங்கள்தான் வைத்திருக்கிறோம் என்று வகுப்புக்கு வகுப்புப் பெருமையடித்தவர்.

"'அவ' எண்டு சொல்லும். அவ அங்கை, கதவடியிலை எல்லோ நிக்கிறா. எனக்குப் பக்கத்திலை நிண்டால்தானே 'உவ'."

சீலா கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள். பிறகு, புள்ளி குறைந்த பிள்ளையைப் போல, "ஓம். அவதான்" என்றாள். அன்று முழுக்க அவர் கண்ணை அவள் பார்க்கவேயில்லை.

வெளியே போகும்போது தாதியிடம் கேட்டார்: "மனுசிக்கு எப்பிடியாம்?" "டொக்டர் கதைப்பார் ஐயா." டொக்டரிடம் கேட்டார். "பாப்பம் மாஸ்ரர்." அந்த ஆஸ்பத்திரியில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை, நேரான பதில்தான் இருப்பில் இல்லை என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறினார்.

இரண்டு கிழமை கழிந்து ஒரு நாள் பஸ் நிறைந்திருந்தது, அவருக்குப் பக்கத்து இடத்தைத் தவிர. அது இப்போது இரண்டு மூன்று நாளாகவே காலியாக வருகிறது. குளிக்காமல் வந்துவிட்டேனோ என்று கமக்கட்டை ஒருதரம் மணந்தும் பார்த்திருந்தார். நாற்றம் இருந்தது, ஆனால் அவருடையது அல்ல. வல்லைவெளித் தரவை நிலத்தின் உவர்ச்சேறு வெயிலில் காயும்போது வருமே, அது. முன்னர் அவரிடம் படித்த டிலக்ஷி, இப்போது பட்டணத்தில் வேலை செய்கிறவள், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, இதிலை இரு. இடம் கிடக்கு."

டிலக்ஷி அந்த இடத்தைப் பார்த்தாள். மரியாதையாகத் தலையை ஆட்டினாள். "பரவாயில்லை சேர். உவ இருக்கட்டும்."

கோர்ன் சத்தத்தில் அவர் கேட்ட "ஆர்?" அடிபட்டுப் போனது. அவள் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அடுத்த நாள் தரிப்பிடத்தில் அவரைக் கண்டதும், பின்னால் வரும் பஸ்ஸுக்காகத் தங்கிவிட்டாள்.

இரவல்ல, இருட்டல்ல, பட்டப்பகல். எட்வேர்ட் மாஸ்ரர் அந்தச் சொல்லை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நோயாளி மருந்து மயக்கத்தில் சுட்டைப் பிழையாகச் சொல்லலாம். டிலக்ஷி சொல்லமாட்டாள். தமிழுக்குத் தொண்ணூற்றிரண்டு புள்ளி போட்டவர் அவரே.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. கூரை ஓட்டில் விழுந்து, பீலியால் வழிந்து, கிணற்றடி வாழையில் தெறித்து, வீட்டைச் சுற்றி ஒரே இரைச்சலாகிக் கரண்டும் போய்விட, மாஸ்ரர் ஜன்னல் வெளிச்சத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, பையை முதுகுப் பக்கம் தள்ளி, நூலைத் தோளுக்கு மேலால் எடுத்துப் பின்னத் தொடங்கினார். ஊசியோடு ஊசி உரசி டிக், டிக் என்று வந்த சத்தம், சீலா வீட்டில் இருந்த நாட்களில் அறைக்குள்ளிருந்து கேட்ட அதே சத்தம், அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்தது. வரி முடிந்தது. கை நின்றது.

டிக்.

மழைத்துளி என்று நினைத்தார். பத்துக் கண்ணி பின்னி நிறுத்தினார். பதினொன்று கேட்டது. ஆறு பின்னி நிறுத்தினார். ஏழு. எட்டு. அது அவசரப்படவில்லை. பழக்கப்பட்ட கை. அவருடைய கையை விட நல்ல கை. காதுக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில்.

எழும்பிச் சுற்றிப் பார்த்தார். ஹோலில் ஒருவரும் இல்லை. அவர் திரும்பத் திரும்ப நூலும் கூடவே திரும்பித் தோளுக்குப் பின்னால் போனது. "எட்வேர்ட், உனக்கு மண்டை பழுது" என்று உரக்கச் சொன்னார். சிரித்தும் பார்த்தார். அந்தச் சிரிப்பை அவருக்கே பிடிக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இரண்டு கிழமையாகப் பின்னுகிறேன். பந்து ஏன் சிறுக்கவில்லை?

பையைக் கழற்றி மடியில் கவிழ்த்தார். பந்து உருண்டு விழுந்தது. முழுப் பந்து. பஸ்ஸில் உருண்ட அன்று இருந்தது போலவே கொழுத்துக் காய்ந்து கிடந்தது. அதன் அறுந்த நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் அவருடைய செருப்பு மிதித்த சேற்று அடையாளம். எந்த முடிச்சும் இல்லை. எதோடும் அது சேரவில்லை.

பை வெறுமை. பந்து மடியில். ஊசியில் ஏறியிருந்த நூல் இன்னும் அவருடைய தோளுக்கு மேலால் வந்துகொண்டிருந்தது.

விரலால் அதைத் தொட்டுக்கொண்டு பின்னால் போனார். தோள். தோளுக்குக் கீழே. நூல் விறைப்பாக நின்றது. ஈரம். அதற்கு மேல் கை போக மறுத்தது.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நகம் கிழிந்தது. அப்பன் பழக்கிய முடிச்சு. கத்தரிக்கோலை எடுத்தார். அலகு நூலை அழுத்தியதும் தொண்டைக்குள் மூச்சு நின்றது. விட்டார். வந்தது. மறுபடியும் அழுத்தினார். நின்றது. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள். கத்தரிக்கோல் நிலத்தில் விழுந்தது.

டிக். டிக். டிக்.

சீலாவை அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். டொக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, "ஆசைப்பட்டதைச் சாப்பிடக் குடுங்கோ மாஸ்ரர்" என்றார். அவ்வளவுதான். மாஸ்ரர் வாட்டுக்குத் திரும்பி, "நல்லாய் வாறீராம், வீட்டை போகட்டாம்" என்று சொல்லி, வழியில் ஓட்டோவை நிறுத்தி ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். குளிரில் நடுங்கிக்கொண்டே அவள் அதைச் சாப்பிட்டாள். சாப்பிடும்போதும் அவருடைய தோளுக்குப் பின்னால்தான் பார்த்தாள்.

அன்று முழுக்க அவர் ஊசியைத் தொடவில்லை. முடியாத சால்வை மடியில் கிடந்தது. கட்டிலோடு கதிரையைப் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில். பக்கத்து வளவில் யாரோ உடுப்புத் தோய்த்தார்கள். அறைக்குள் உவர்ச்சேறு மணத்தது. அவருடைய கைகள் இரண்டும் அவள் கையைச் சுற்றியே இருந்தன.

டிக். டிக்.

"சீலா."

"ம்."

"உமக்குக் கேக்குதோ?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சீலா, நாங்கள் ஒரு கணக்குத் தீர்ப்பம். நான் உம்மட்டை ஒண்டை மறைச்சுப்போட்டன். நீரும் என்னட்டை ஒண்டை மறைக்கிறீர். நான் நேரை சொல்லுறன், நீரும் நேரை சொல்லும்." அவருடைய குரலில் பகிடி இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவள் அப்படி ஒரு குரலை அவரிடம் கேட்டதில்லை. "ஆசைப்பட்டதைச் சாப்பிடக் குடுக்கச் சொன்னவை. அதுதான் அவை சொன்னது."

சீலா மெல்லச் சிரித்தாள். "அது எனக்கு ஐஸ்கிறீம் வாங்கேக்கையே தெரியும். சளி பிடிக்கும் எண்டு ஒரு சோடாவும் வாங்கித் தராத மனுசன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அழுகைதான் வந்தது.

"உவ எண்டு நீர் சொன்னது சரி. நான்தான் பிழையாய்த் திருத்தினனான்" என்றார். "உவ உமக்குத்தானே வந்திருக்கிறா? உம்மைக் கூட்டிக்கொண்டு போகத்தானே? சொல்லும். நான் கெஞ்சிக் கேக்கிறன், கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லும். அந்த முடிச்சை நான்தான் போட்டனான். என்ரை பிழை. நீர் போகேக்கை நான் பக்கத்திலை இருக்கவேணும், அவ்வளவுதான்."

பக்கத்து வளவில் தோய்க்கிற சத்தம் நின்றது. அறையில் மற்றச் சத்தம் மட்டும். அவசரமில்லாமல். டிக். அவருடைய பிடரி மயிர் ஈரமானது. தோள் இரண்டிலும் ஒரு பாரம், மெத்தென்று, குளிர்ந்து, பல நாளாக அங்கேயே இருந்ததைப் போல. அவர் திரும்பவில்லை.

சீலா கண்ணைத் திறந்தாள். அந்த முடிச்சுக்குப் பிறகு முதல்முறையாக அவருடைய முகத்தை நேராகப் பார்த்தாள். அவருடைய கையை இறுக்கிப் பிடித்தாள், அவளுக்கு இருந்த பலம் முழுவதாலும்.

"எனக்கில்லை, இஞ்சாருங்கோ" என்றாள். "உவ என்னை ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. உங்கடை முதுகிலைதான் பின்னுறா. முதல் நாள் வாட்டுக்கு வரேக்கை இடுப்பளவிலை கிடந்தது. இப்ப தோளாலை சுத்தி முன்னுக்கு வந்திட்டுது. கழுத்து மூட இன்னும் ரெண்டு வரிதான் கிடக்கு."