டபுள்ஸ் இழுக்காத வண்டி

மழை விட்டிருந்த பிற்பகல். மேட்டு ரோட்டின் அடியில் இருந்த பட்டறைக்குப் பழைய பைக்கை உருட்டிக்கொண்டு வந்தான் அவன். உள்ளே ஆயில் நாற்றம். ஈர ரப்பர் நாற்றம்.

"என்ன கம்ப்ளைண்ட்?" என்றாள் மெக்கானிக் அக்கா.

"மேட்டுல டபுள்ஸ் இழுக்கலக்கா."

போன வாரம் அண்ணனிடமும் இதைத்தான் சொன்னான். "நெஞ்சு என்னமோ பண்ணுதுடா, ஆஸ்பத்திரில விடுறியா?" என்று அண்ணன் கேட்டபோது. "கேஸ்தான், நடந்தா சரியாயிடும்" என்று இலவச வைத்தியமும் சொன்னான். அவனுக்கு மேட்ச் இருந்தது. அதுவும் டிரா.

அண்ணன் நடந்தார். பாதி மேடுவரை.

சாவு வீட்டிலும் அண்ணி திட்டவில்லை. "வண்டில என்ன கோளாறுன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள், அவ்வளவுதான். ஒரு கோளாறு கிடைத்தால் போதும். பொய் உண்மையாகிவிடும்.

அக்கா பிளக்கைக் கழற்றினாள். நல்ல நிறம். கார்புரேட்டர் சுத்தம். கிளட்ச் வழுக்கவில்லை, பிரேக் உரசவில்லை, கம்ப்ரஷனும் சரி.

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா பாருங்கக்கா. சின்னதா ஏதாவது..."

"கோளாறு வேணும்னு கெஞ்சுற மொத ஆளு நீதான்யா."

பக்கத்துக் கடை வெல்டர் சிமெண்ட் மூட்டை மாதிரி ஆள். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஒரு நடை போய் வந்தாள். வண்டி பறந்தது.

"இப்ப நீ ஓட்டு."

தனியாகத்தான் ஏறினான்.

வண்டி திணறியது. இன்ஜின் கதறியது, வேகம் செத்தது. அக்கா நடந்தே கூட வந்தாள்.

"பாத்தீங்களா, இழுக்கல!" அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அக்கா பின்சக்கரத்தையே பார்த்தாள். இரண்டு ஸ்பிரிங்கும் அடிவரை அமுங்கியிருந்தன.

"தம்பி," குரல் உள்ளே போயிருந்தது. "பின்னாடி யாரு?"

பாதி மேட்டில் இன்ஜின் நின்றது.

அக்கா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவன் இறங்கினான். ஹேண்டிலைப் பிடித்து மேல் நோக்கித் தள்ளினான்.

வண்டி பஞ்சாக நகர்ந்தது.

பின்னாலிருந்து யாரோ தள்ளிக் கொடுத்தார்கள். மூச்சு வாங்க. இடையிடையே நின்று.

"நீ தள்ளாதண்ணே," என்றான் திரும்பாமல். "உக்காரு."

ஸ்பிரிங் முனகியது. கனம் முழுக்க அவன் கையில் இறங்கியது.

உச்சியில் ஆஸ்பத்திரி கேட். வாட்ச்மேன் செல்போனிலிருந்து கண்ணை எடுத்து இருவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"பேஷண்ட்ட இறக்கி விட்டுட்டு வண்டிய ஓரமா போடுப்பா. பாவம், இப்படி வேர்க்குது அவருக்கு."