பின்னறைப் பூட்டு

பூட்டுக்கடை அம்மாளின் கைப்பேசிக்கு மதியம் வந்த செய்தியில் ஒன்று மட்டும் சரியாக இல்லை. 'வேலை முடிந்தது' என்றிருந்தது; நல்லது. கீழே இருந்த விலாசம் அவள் வீட்டினுடையது.

சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வராத நேரம் எது என்று தெருவில் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். போன மாதம்தான் கடை வேலைக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் வைத்தாள். ஆர்டர் எடுப்பது, ஆள் அனுப்புவது, வேலை முடிந்ததும் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுத் திருப்திதானா என்று கேட்பது, எல்லாம் அவள் குரலிலேயே. அது பேசிப் பழக, மூன்று வருட அழைப்புப் பதிவுகளை மொத்தமாகக் கொட்டினாள். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே போன் என்பது அந்த மகராசிக்கு நினைவே வரவில்லை. "பதில் சொல்லலைன்னா சரின்னு எடுத்துக்கோ, என் உயிரை வாங்காதே" என்று அதனிடமும் ஓர் அதட்டல்.

கடைக்காகப் பூட்டு மாட்டும் ஃபிட்டரைப் போனில் கூப்பிட்டாள்.

"எங்க வீட்டுல உனக்கு என்னய்யா வேலை?"

"பின்னறைக் கதவுக்கா. உள்பக்கம் கைப்பிடி வேண்டாம், வெளியில பெரிய பூட்டு, சாவியைச் சாக்கடையில போட்டுடுன்னு நீங்கதானே காலையில போன்ல சொன்னீங்க?"

"லூசா நீ? ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"கேட்டா கத்துவீங்களேக்கா."

"அவர் எங்க?"

"அண்ணன் உள்ளதான் இருந்தாரு. 'அவ சொன்னா சரிதான்'னுட்டாரு."

'உங்களைப் பின்னறையில வச்சுப் பூட்டி, சாவியைச் சாக்கடையில போடறேன் பாருங்க.' புருஷனிடம் இருபது வருடமாக, நேரிலும் போனிலும், வாரம் நாலு தடவை அவள் சொல்வதுதான். பக்கத்து வீடுகளுக்கே மனப்பாடம். அவர் இளைப்புக்காரர். பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. அவருக்காக வாங்கிய புது இன்ஹேலர் அவள் கைப்பையில் இருந்தது.

"வந்து உடைச்சுத் தொலை!" என்று கத்திவிட்டு ஓடினாள். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்கு ஆசை?

வீட்டுக்குள் வெயில் சுட்ட சுவரின் புழுக்கமும், புதிதாகத் துளைத்த மரத்தூளின் வாசனையும், பூட்டுக்குப் போட்ட எண்ணெயின் நெடியும், மின்விசிறியின் டக் டக்கும், அதற்கும் பின்னால், நடையின் கோடியிலிருந்து, யாரோ பல்லிடுக்கில் சீட்டியடிப்பதுபோல ஒரு மூச்சும் இருந்தன. கதவு தட்டப்பட்டது. மெதுவாக. உள்ளிருந்து.

ஃபிட்டரை மறுபடி கூப்பிட்டாள். "எங்கய்யா இருக்கே?"

"இப்பதானே அக்கா போன் பண்ணி வர வேண்டாம்னு திட்டினாங்க? நீ யாரும்மா, அவங்க குரல்ல பேசறே?"

இணைப்பு அறுந்தது.

"என்னங்க!"

உள்ளே வேறொரு குரல். அவர் போனின் ஸ்பீக்கரில். அவளுடைய குரல். அவளைவிடக் கோபமாக.

"தட்டாதீங்கன்னா தட்டாதீங்க."

தட்டல் நின்றது.

"நான் இங்க இருக்கேங்க! அது நான் இல்ல!"

அவள் கெஞ்சி அவர் கேட்டதேயில்லை. அதட்டும் குரலைத்தான் அவருக்குத் தெரியும்.

தோளால் இடித்தாள். நகம் பிய்ந்தது. கதவு அசையவில்லை. அவள் கடைப் பூட்டு.

சீட்டி மெலிந்தது. இன்னும் மெலிந்தது.

"வேலை திருப்தியா இருக்கா?" உள்ளே அவள் குரல் கேட்டது.

சீட்டி இல்லை.

"பதில் சொல்லலைன்னா, சரின்னு எடுத்துக்கறேன்."