சட்டையில் இன்னொருத்தி

துவைத்து உலர்த்தி, மடித்து, அவள் கையாலேயே அலமாரியில் வைத்த சட்டை அது. புருஷன் இன்னும் எடுத்துப் போடக்கூட இல்லை, ஆனாலும் மூக்கருகே கொண்டுபோனபோது வாடிய பூவின் கனத்த இனிப்பும் அதற்கு அடியில் வெகுநாள் மூடிக்கிடந்த பாத்திரத்தைத் திறந்தாற்போல் ஒரு புழுக்கமும் வந்தன. அவளுக்கு வயிறு எரிந்தது. எவளோ வீட்டுக்குள்ளேயே வந்துபோகிறாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் செத்துப்போனவள், அவளோடு என்ன போட்டி என்று நிம்மதியாக இருந்தவளுக்கு, உயிரோடு இன்னொருத்தி என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டால் மழுப்புவான். சட்டையில் ஒரு துண்டை வெட்டி, தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனாள்.

அங்கே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தது. துணியில் ஒட்டியிருப்பதை ஆவியாக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே விட்டால், எலக்ட்ரான்களால் அடித்து மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளின் எடையைத் திரையில் கோடுகளாகக் காட்டும். எது எப்படி உடையும் என்பது கைரேகை மாதிரி, மாறாது.

பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. 117இல் உயரமாக ஒரு கோடு. 90இல் சின்னதாக இன்னொன்று. இண்டோல். மல்லிகையில் இருப்பது. சென்ட் பூசிக்கொண்டுதான் வருகிறாள் போலிருக்கிறது. பல்லைக் கடித்தாள்.

அடுத்து வந்த கோடுகளைக் கண்டதும் கடித்த பல் தளர்ந்தது. புட்ரெசின். கடாவெரின்.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தாள். "இண்டோல் பூவுலயும் இருக்கும், பொணத்துலயும் இருக்கும். மத்த ரெண்டும் கூட வந்தா அது பூ இல்ல. எங்கேருந்து எடுத்தே?"

எலி செத்துக் கிடந்ததென்று சமாளித்தாள். உயிரோடு எவளும் இல்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அதன்பிறகுதான் மூத்தவள் நினைவுக்கு வந்தாள்.

மாலையில் வீடு திறந்தே கிடந்தது. விளக்கு போடவில்லை. படுக்கையறையில் அவன் குரல். அவளிடம் ஒருநாளும் காட்டாத குழைவு அதில். பயத்தையும் மீறி நெஞ்சு எரிந்தது.

கதவிடுக்கில் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவனுக்கு அப்பால் இருட்டு.

"அவ வந்துட்டா," என்றான் இருட்டிடம். "வரட்டும். நீ போகாத."

அவன் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. நகமில்லாத விரல்கள். தோல் கழன்று தொங்கியது.

அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தது.

மெதுவாக. உரிமையோடு.