வெட்டி எறிந்த எண்கள்

மதியம் ஒன்றேகாலுக்கு, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று காட்டும் திரைப் பட்டியலில், ‘ஈரத்துணி’ என்ற சொல்லுக்கு எதிரே 4310 என்று இருந்தது. டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது 4311. விடுமுறை நாள், அலுவலகம் காலி, புதிதாக ஒரு பக்கம்கூட யாரும் ஏற்றவில்லை.

“எந்த மடையன்டா கை வச்சது?” என்று காலி நாற்காலிகளைக் கேட்டான். அந்த நாற்காலிகளில் உட்காருகிறவர்களும் வாரநாட்களில் அவன் வாயிலிருந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அலுவலகத்தில் அவனுக்கு நிபுணர் என்று பெயர். பாதி மரியாதை, பாதி நக்கல். நக்கல் பாதி அவன் காதில் ஒரு நாளும் விழுந்ததில்லை. மூடிப்போன ஒரு மனநலக் காப்பகத்தின் முப்பது வருடப் பதிவேடுகளைச் சொல் கொடுத்துத் தேடும்படி செய்து தருவது அவன் வேலை. தட்டச்சுப் பெண்கள் ஏழு மாதம் கண் வலிக்க வலிக்க எல்லாப் பக்கங்களையும் கணினியில் ஏற்றியிருந்தார்கள். காகிதங்கள் கூழாகப் போய்விட்டன. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு வருகிறது, காப்பகத்தில் காணாமல் போனவர்களின் குடும்பங்களும் கூட வருகின்றன.

அவ்வளவு பக்கங்களையும் துண்டு போட அவன் ஒரே ஒரு வரி ரெஜெக்ஸ் எழுதினான். எங்கே வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று கணினிக்குச் சொல்லும் சூத்திரம் அது. இடைவெளி, புள்ளி, கமா வந்தால் வெட்டு. எழுத்து என்றால் எடுத்துக்கொள். எண் என்றால் எறி. தேடுகிறவன் சொல்லைத்தானே தேடுவான், எண்களையா தேடப்போகிறான்? வெட்டி முடித்த கையோடு இடத்தை அடைத்துக்கொண்டிருந்த முழுப் பக்கங்களையும் அழித்தான். நகல் எடுத்து வைப்பதெல்லாம் தன் வேலைமேல் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்வது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதிவறை அம்மா அவன் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்த அந்த அம்மாள், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, பதினேழுன்னு போட்டா வருமா?”

“அது நம்பர் மேடம். நம்பரெல்லாம் குப்பை. எடுத்தாச்சு.”

“அங்க யாருக்கும் பேரு எழுத மாட்டாங்க தம்பி, கட்டில் நம்பர்தான். என் தங்கச்சி பதினேழு. எங்க புதைச்சாங்கன்னு அதுலதான் இருக்கும். எங்க வீட்டுல அவளுக்கு ஒரு கல்லுகூட வைக்கல.”

நூற்றுக்கணக்கான மனிதர்களை ஒரு வரியில் வழித்துப் போட்டிருக்கிறான் என்பது அவனுக்கு அப்போது புரிந்தது. புரிந்தும் என்ன சொன்னான் தெரியுமா? “பாத்துக்கலாம் மேடம்.” இன்று விடுமுறையிலும் வந்தது அதைச் சரிசெய்ய இல்லை, சரிசெய்யவும் முடியாது. மூலப் பதிவேடுகளிலேயே எண்கள் இல்லை என்று அறிக்கையில் நாலு வரி சேர்த்துவிட்டால் தீர்ந்தது, அழுகிற பொம்பளைகளுக்குப் பதில் சொல்லவா கணினி படித்தோம் என்பதுதான் அவன் நினைப்பு.

அந்த நாலு வரியில் இரண்டாவதைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் திரையில் ‘வராந்தா’ ஒன்று கூடியது.

வைரஸ்தான் என்று முடிவு கட்டினான். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிக் கீழே போட்டான். ஜன்னலில் பட்டப்பகல் வெயில், ஏசி தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது, எங்கோ தண்ணீர்க் குழாய் சொட்டியது. அந்தச் சொட்டுக்குப் பின்னால், முதலில் தன் மூச்சோ என்று அவன் நினைத்த ஒரு சத்தம், ஈரமான எதையோ சிமெண்டுத் தரையில் நிதானமாக இழுத்துப்போகும் சத்தம், வராந்தாவின் அந்தக் கோடியில் தொடங்கி இந்தக் கோடிவரை வந்து நின்றது. அதோடு பினாயில் வாசம். அதற்கு அடியில் மூத்திர வாடை.

“யாருப்பா அது? கூட்டுறதெல்லாம் நாளைக்கு வச்சுக்க!”

எழுந்து போய் எட்டிப் பார்த்தான். வராந்தா நெடுகத் தரை ஈரமாக இருந்தது. ஆள் இல்லை.

திரும்பி வந்தபோது ‘சக்கரம்’ கூடியிருந்தது. அவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். ஒன்றுமில்லை. சிரிக்க வாயைத் திறந்த நேரத்தில், மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்து, எண்ணெய் காணாத சிறு சக்கரங்கள் கிறீச்சிட்டு உருள ஆரம்பித்தன.

அப்போதுதான் கவனித்தான். சொல் முதலில் வருகிறது. சத்தம் பிறகு வருகிறது.

‘கதவு’ கூடியது. ‘வெளிப்பக்கம்’ கூடியது. ‘தாழ்ப்பாள்’ கூடியது. யார் யாரை என்ன செய்தார்கள் என்று சொல்ல ஒரு வாக்கியம் இல்லை. வாக்கியங்களை வெட்டியவன் இவன்தான். அகர வரிசையில் அடுக்கிய துண்டுகளை வைத்துக்கொண்டு, எது முன்னால், எது பின்னால் என்று தெரியாமல் முழித்தான். நிபுணர் முழிப்பதைப் பார்க்க அன்றைக்கு அலுவலகத்தில் யாரும் இல்லாமல் போனது ஒரு குறைதான்.

எழுந்து ஓடினான். கதவை இழுத்தான். வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.

கைபேசியில் முதலில் கண்ணில் பட்டது பதிவறை அம்மாவின் எண். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் ஆறு முறை கூப்பிட்டிருந்தாள், அவன் ஆறு முறையும் எடுக்கவில்லை. இப்போது அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

“தம்பி! பதினேழு கிடைச்சுதா?”

“அத விடுங்க மேடம். அங்க… அந்தப் பதிவேட்ட எப்படி எழுதுவாங்க? நடந்ததும் எழுதுவாங்களா, நடக்குறதுக்கு முன்னாடியா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்க காலையிலயே நாள் முழுக்க எழுதி வச்சிடுவாங்க தம்பி. ரெண்டு மணிக்குக் கத்துச்சு, மூணு மணிக்குக் கட்டிப்போட்டோம்னு. மேலதிகாரிங்க பக்கம் நெறஞ்சிருக்கான்னுதான் பார்ப்பாங்க. அதனால எழுதினத மாத்த மாட்டாங்க. கத்தாத ஆளையும் ரெண்டு மணிக்குக் கத்த வைப்பாங்க. நான் பார்க்கப் போனப்ப என் தங்கச்சி சொல்லுவா, அக்கா, இன்னைக்கு எனக்கு என்ன எழுதியிருக்குன்னு கேட்டுச் சொல்லேன்னு.”

அவன் காதில் போனை இடுக்கிக்கொண்டு, ரெஜெக்ஸைத் திறந்தான். எண் என்றால் எறி என்ற இடத்தை அழித்தான். இனி வருவது வரட்டும். எந்தக் கட்டிலுக்கு எழுதுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும்.

பட்டியலில் ஒரே ஒரு எண் வந்தது. 212. அதற்கு எதிரே ஒன்று. இரண்டு. ஐந்து. ஒன்பது.

“மேடம், அங்க மொத்தம் எத்தனை பேர்?”

“இருநூத்திப் பதினொண்ணு. ஒருத்தரும் உயிரோட வெளிய வரல. செத்தா ‘அடங்கியது’ன்னு ஒரு வார்த்தை எழுதுவாங்க, ஆளுக்கு ஒண்ணு. ஏன் தம்பி, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

பட்டியலின் உச்சிக்குப் போனான். அடங்கியது, 211. கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் மாறிவிடும் என்று பட்டது.

எடுக்காமலே மாறியது. 212.

தாழ்ப்பாள் விலகியது. கதவு உள்பக்கமாக, மரியாதையாக, மெதுவாகத் திறந்தது.

சக்கரம் வைத்த இரும்புக் கட்டில் ஒன்று வாசலைத் தாண்டி வந்தது. தள்ள ஆளில்லை. விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. நாலு மூலையிலும் தோல்வார்கள் அவிழ்த்துத் தயாராக. தலைமாட்டுத் தகட்டில் 212. பெயின்ட் காயவில்லை.

தன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். பெயர் இருக்கிறவன் நான், வேலை இருக்கிறவன், தவறாக எழுதிவிட்டீர்கள். பின்னாலிருந்து துணி வந்தது. பற்களைத் தாண்டி, நாக்கைத் தாண்டி. ஜில்லென்று. போன் தரையில் விழுந்தது. முதுகில் விரிப்பு பட்டது. இடது மணிக்கட்டு. வலது மணிக்கட்டு. கால்கள். வார்கள் ஒவ்வொன்றாக இறுகின.

தலையை மட்டும் திருப்ப முடிந்தது. வராந்தா முழுக்கக் கட்டில்கள் நின்றன. ஒன்றையொன்று ஒட்டி, படிக்கட்டு வரைக்கும், படிக்கட்டையும் தாண்டி. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் எழுந்து உட்கார்ந்திருந்தது. எல்லார் மடியிலும் ஒரு நோட்டு. எல்லார் கையிலும் ஒரு பென்சில். ஒரு சத்தமில்லை, பென்சில்கள் தாளில் உரசுவதைத் தவிர.

வாசலை ஒட்டி நின்ற கட்டிலின் தகட்டில் 17 என்று இருந்தது. அதில் இருந்தவள் மொட்டைத் தலையும் குச்சிக் கழுத்துமாக இருந்தாள். பதிவறை அம்மாவின் அதே அகன்ற மூக்கு, அதே சின்ன முகவாய்.

“தம்பி? லைன்ல இருக்கீங்களா?” என்றது தரையில் கிடந்த போன். “பதினேழு… பதினேழு வந்துச்சா தம்பி? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அக்காவின் குரல் கேட்டு அவள் பென்சில் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. கட்டிலில் கட்டுண்டு கிடப்பவனை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, எண்தானே. இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி என்று ஓரத்தில் வரிசையாக எழுதி, எதிரே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நிரப்பினாள். பக்கம் முடிந்தது. விரலில் எச்சில் தொட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.