இருபதாவது அழைப்பு

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சரியாக முப்பத்தொரு மணி நேரத்தில் டெஸ்ஸாவின் மூச்சு நின்றது.

வயது நான்கு.

மருந்து கொடுக்க எழுப்பப் போன அம்மா ஜோலின் போட்ட அலறலில், பக்கத்து வீட்டுக்காரர் வெறும் காலுறையோடு பனியில் ஓடி வந்தார்.

பலனில்லை.

மூன்றாம் நாள் காலை. மினசோட்டாவின் பைன்ரிட்ஜ் குழந்தைகள் மருத்துவமனை. இரண்டாவது மாடியில் டாக்டர் மார்கிட் ஓல்சனின் அறைக்குள் டிடெக்டிவ் பெக்வித் நுழைந்தார். கோட்டில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு, யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்தார்.

மார்கிட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. மருத்துவமனையின் மருத்துவ ஆலோசகர். பதினோரு வருஷமாக எந்தக் குழந்தையின் நெஞ்சிலும் அவர் ஸ்டெதஸ்கோப் வைத்ததில்லை. அவர் வேலை போனில்தான். ‘இந்தக் குழந்தைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை தேவையில்லை’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியின் டாக்டர் சொன்னால், ‘தேவைதான்’ என்று மல்லுக்கு நிற்க வேண்டும். டாக்டரோடு டாக்டர்தான் பேச வேண்டும். வேறு யாரும் பேசக் கூடாது.

அங்கேதான் வில்லங்கம்.

“மூணு மாசத்துல இருபது தடவை உங்க பேர்ல பேசியிருக்காங்க, டாக்டர். இருபதும் ஒரே மேஜை போன்ல.” பெக்வித் நிறுத்தினார். “அது உங்க மேஜை இல்ல.”

மார்கிட் ஜன்னலைப் பார்த்தார்.

“வெளியில இருக்கற உங்க நர்ஸ் மேஜை.”

கொலீன் டுஃப்ரேன் உள்ளே அழைக்கப்பட்டாள். மார்கிட்டுக்காக நோயாளிகளின் குறிப்புகளைத் தொகுத்து வைப்பவள். ஆறடி உயரம். ஆறு வயதில் இரட்டைப் பையன்கள். கணவன் கிடையாது.

“உக்காருங்க” என்றார் பெக்வித்.

“நிக்கறேன் சார். உக்காந்தா வேலை செய்யற மாதிரி தெரியாது.”

பெக்வித் சிரிக்கவில்லை. டாக்டர் ஓல்சன் என்று சொல்லிக்கொண்டு பேசியது அவள்தானா என்று கேட்டார். அவள் மறுக்கவில்லை. எப்படி ஆரம்பித்தது என்று கேட்டார். அதையும் சொன்னாள்.

செப்டம்பரில் மார்கிட்டின் கணவர் இறந்து போனார். ஒரே வாரத்தில் மார்கிட் வேலைக்குத் திரும்பினார். ஆனால் போனை எடுத்தால் குரல் எழும்பவில்லை. எதிர்முனை டாக்டர் பேசப் பேச ‘உம்’ கொட்டினார். அந்த வாரத்தில் மூன்று குழந்தைகளுக்குத் தோற்றுப்போனார். நான்காவது தடவை கொலீனின் மேஜையில் போன் அடித்தபோது, தன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, “நீயே எடு கொலீன்” என்றார்.

கொலீன் எடுத்தாள். ஜெயித்தாள்.

அதற்கப்புறம் மார்கிட் சொல்லவில்லை. கொலீன் கேட்கவில்லை. போன் அடித்தால் அவள் எடுத்தாள்.

“ஜெயிச்சீங்க. ஒத்துக்கறேன்” என்றார் பெக்வித். “பத்தொன்பது தடவை இன்ஷூரன்ஸ் டாக்டர்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருக்கீங்க. அவங்களே சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் ராத்திரி நர்ஸ் எழுதின பக்கத்தைத்தான் முதல்ல படிச்சுக் காட்டுவீங்களாம்.”

“இந்த மாதிரி நெஞ்சு சளி வந்த குழந்தைங்க பகல்ல ஏமாத்திடும் சார். ஓடும், விளையாடும். தூங்கினாத்தான் ஆக்ஸிஜன் தொண்ணூறுக்குக் கீழ இறங்கும்.”

“டெஸ்ஸாவுக்கு எவ்வளவு இறங்கிச்சு தெரியுமா?”

“எண்பத்திநாலு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பார்த்தேன்.”

“ஒரே ராத்திரியில மூணு தடவை. ஆனா இருபதாவது கால்ல அதைப் பத்திப் பேச்சே இல்ல. நாலே நிமிஷம்... சரி, வீட்டுக்கு அனுப்பிடலாம்னு சொல்லியாச்சு. ஏன்?”

ஆலோசகரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று தெரிந்ததும், வார்டிலிருந்த இளம் டாக்டர் டெஸ்ஸாவை வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் படுக்கைக்கு அடுத்த குழந்தை காத்திருந்தது.

கொலீன் மார்கிட்டைப் பார்த்தாள். ஒரே ஒரு விநாடி. பிறகு பெக்வித்திடம் திரும்பினாள்.

“மதியம் பன்னெண்டு பத்து சார். பசிச்சுது.”

மார்கிட்டின் விரல்கள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தன.

“ஒரு குழந்தை செத்திருக்கு” என்றார் பெக்வித், குரலை உயர்த்தாமல்.

“தெரியும். கிளம்பறப்போ அவ பூட்ஸுக்கு லேஸ் கட்டிவிட்டது நான்தான்.” கொலீனின் உதடு கோணியது. “ரெண்டு முடிச்சு போடச் சொன்னா.”



பெக்வித் எழுந்தார். டாக்டராக நடித்தது தனிக் குற்றம், அதனால் ஓர் உயிர் போனது தனிக் குற்றம் என்றார். நர்ஸ் உரிமம் போய்விடும். ஜெயில் நிச்சயம். பையன்களைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். டுலூத்தில் தங்கை இருக்கிறாள் என்றாள் கொலீன். அவளுக்கு நாய்தான் பிடிக்கும், பையன்களையும் பழக்கிக்கொள்வாள் என்றாள்.

பெக்வித்தின் பையிலிருந்து கைவிலங்கு வெளியே வந்தது.

“ஒரே ஒரு உதவி சார். வார்டு வழியாத்தான் போகணும். இதை என் கோட்டால மூடிக்கறேன். குழந்தைங்க பார்த்தா பயந்துக்கும்.”

பெக்வித் தலையசைத்தார். கொலீன் கைகளை நீட்டினாள்.

மார்கிட் நாற்காலியின் கையை விட்டார்.

“கொலீன்... உக்காரு.”

“டாக்டர், வேண்டாம்.”

“உக்காருன்னேன்.”

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தக் குரல் கேட்டது. ஆறடி உயரமும் மடங்கி நாற்காலியில் விழுந்தது.

“உங்களுக்கு வீடு இருக்கு, பேர் இருக்கு...” கொலீன் அழ ஆரம்பித்திருந்தாள். “எப்படியும் பத்தொன்பதுக்கு நான் உள்ள போகத்தான் போறேன். ஒண்ணு கூடினா என்ன ஆயிடும்?”

பெக்வித் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன ஒண்ணு கூடினா?”

மார்கிட் எழுந்தார்.

“அன்னிக்கு இவ கீழே கேன்டீன்ல இருந்தா. கேட்டுப் பாருங்க, யாராவது சொல்லுவாங்க. இவ மேஜையில போன் அடிச்சுது. எத்தனை நாள் இவ பின்னால ஒளிஞ்சுக்கறதுன்னு தோணிச்சு... போய் எடுத்தேன்.”

பெக்வித்தின் கையில் விலங்கு அப்படியே தொங்கியது.

“வார்டு டாக்டர் எழுதின பகல் குறிப்பு ஸ்க்ரீன்ல இருந்துது. குழந்தை சிரிக்கிறா, ஜெல்லி சாப்பிட்டான்னு போட்டிருந்துது. அதைப் படிச்சேன். போன்ல இருந்த இன்ஷூரன்ஸ் டாக்டர், வீட்டுக்கு அனுப்பலாமேன்னார். நான் உம்னேன். அடுத்த பக்கத்தை நான் திறக்கவே இல்ல.”

“அப்படின்னா அந்த இருபது கால்ல...”

“போலி டாக்டர் பேசின பத்தொன்பது குழந்தைங்களும் உயிரோட இருக்கு, மிஸ்டர் பெக்வித்” என்றார் மார்கிட், கைகளை நீட்டியபடி. “அசல் டாக்டர் பேசினது டெஸ்ஸாவுக்கு மட்டும்தான்.”